பி.கு.: ஒரு குறை உண்டு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் அதைச் சொல்லிக் கேட்டால், யாரோ புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள் போல என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கே அவள் ‘பி.கு.’ அவ்வளவுதான். சின்னவர்களுக்கு பி.கு. அக்கா. முதலாளிக்கு, மகிழ்ச்சியாக இருந்தால் பி.கு., எரிச்சலாக இருந்தால் “இந்தாம்மா பின்குறிப்பு”.

டயர் கடைக்கு மேலே மூன்று அறைகளில் இயங்கும் தபால் வழி விற்பனைக் கம்பெனி அது. மாதம் ஒருமுறை, வாடிக்கையாளர் வீடுகளுக்கு ஒரு உறை போகும். உறைக்குள் படம் போட்ட ஒரு பட்டியல், நிரப்பி அனுப்ப ஒரு படிவம், வெளிர்மஞ்சள் தாளில் ஒரு கடிதம். படத்துக்கு வேலை பார்க்கிறவர்கள் ஏராளம் பேர் உண்டு. கடிதத்துக்கு பி.கு. ஒருத்திதான். கைபேசியைத் திறந்தால் ஆயிரம் பேர் “வாங்கு, வாங்கு” என்று கத்துகிற இந்தக் காலத்திலும் அந்த மஞ்சள் தாளை உட்கார்ந்து படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். படித்துவிட்டு வாங்கவும் வாங்குகிறார்கள். ஏன் என்று கேட்டால் முதலாளி மேலே கையைக் காட்டுவார். அச்சுக்காரர் தன்னையே காட்டிக்கொள்வார். அதில் அவர் பக்கம் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அவள் வேலைக்குச் சேர்ந்த நாலாவது மாதம், ஒரு அலாரம் கடிகாரத்துக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். ஆனால் அந்தக் கடிகாரத்தை வீட்டில் வைத்துப் பார்த்ததில், அது நாளுக்கு இரண்டு நிமிடம் முந்துவது தெரிந்தது. மனசு கேட்கவில்லை. கடிதத்தின் அடியில் முதலாளிக்காக நாலு வரி எழுதிவைத்தாள்: ‘பி.கு.: இது நாளுக்கு இரண்டு நிமிடம் வேகமாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் திருத்திவைத்தால் சமாளிக்கலாம். இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்களே சொல்லுங்கள்.’

முதலாளி அன்றைக்கு ஊரில் இல்லை. தாள் நேராக அச்சுக்காரரிடம் போயிற்று. அவர் எழுத்து பிசகாமல் அடித்துத் தள்ளிவிட்டார். நாலாயிரம் பிரதி. தபாலில் போட்டும் ஆயிற்று.

திரும்பி வந்த முதலாளி தாளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அச்சுக்காரர் அசரவில்லை. “எழுதினதை அடிக்கிறதுதான் சார் என் வேலை. எது உங்களுக்கு, எது ஜனங்களுக்குன்னு பிரிச்சுப் பாக்கறது என் வேலை இல்ல” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பி.கு.வோ வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

பத்து நாளில் பதில்கள் வந்தன. அவள் கேட்ட கேள்விக்கு ஜனங்கள் பதில் சொல்லியிருந்தார்கள். ‘ஒன்றும் சொல்ல வேண்டாம், ஓடட்டும். நான் தினமும் இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் எழுந்திருக்கிறேன். ஒன்று அனுப்புங்கள்’ என்று ஒருவர். ‘என் அண்ணனுக்கு வாரத்துக்கு ஒருநாளாவது ஒரு வேலை இருக்கட்டும். இரண்டு அனுப்புங்கள்’ என்று ஒரு அம்மாள். கிடங்கில் இருந்த கடிகாரம் அத்தனையும் தீர்ந்து, மேலும் கடிகாரம் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. முதலாளி அவளைக் கூப்பிட்டார். “இனிமே எல்லாக் கடிதத்துலயும் ஒரு குறையைப் போட்டுடு” என்றார்.

“குறை இல்லாத சாமானா இருந்தா சார்?”

“நல்லாத் தேடு.”

அன்றிலிருந்து அதுவே அவளுடைய தொழில் முறை ஆகிவிட்டது. எந்தப் பொருளானாலும் பத்து நாள் அவள் வீட்டில் இருக்க வேண்டும். அந்தப் பத்து நாளில் அதன் உண்மையான குறை ஒன்றை அவள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் முதலில் பின்குறிப்பை எழுதுவாள். மேலே உள்ள கடிதத்தை அதற்குப் பிறகுதான் எழுதுவாள். எழுதும்போது மனசுக்குள் எதிரே தன் பெரியக்காவை உட்காரவைத்துக்கொள்வாள். பெரியக்கா காய் வாங்கினால் கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அப்படி ஒரு சந்தேகப் பிறவி. ஒவ்வொரு வாக்கியம் எழுதியதும் “யாரை ஏமாத்தப் பாக்கறே?” என்ற பெரியக்காவின் குரல் காதில் விழும். ‘அற்புதமான’ என்று எழுதினால் விழும். ‘ஈடு இணையற்ற’ என்று எழுதினால் இரண்டு தரம் விழும். அந்தக் குரல் விழுந்த வார்த்தையை எல்லாம் அடித்துவிட்டு, மிச்சம் இருப்பதை அச்சுக்குக் கொடுப்பாள்.

வீட்டில் இருப்பவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டாமா? பத்து நாள் ஒரு மழைக்கோட்டு வரும். மழை இல்லாவிட்டால் அதைப் போட்டுக்கொண்டு மகள் குளியலறையில் நிற்க வேண்டும். பத்து நாள் கால் பிடித்துவிடும் இயந்திரம் வரும். அது பிடித்த பிடியில் கணவர் ஒரு வாரம் நொண்டினார். “நம்ம வீட்டுக்கு எல்லாச் சாமானும் வருது, எதுவும் தங்க மாட்டேங்குது” என்பார் அவர். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாய் நீளம். “அம்மா, என் மதிப்பெண் அட்டைக்கும் அடியில ஒரு பின்குறிப்பு எழுதிக் குடேன்” என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டாள்.

இப்படி ஊர் சாமானுக்கெல்லாம் குறை தேடிக்கொண்டிருந்தவளுக்கு, சொந்த வீட்டிலேயே ஒரு சோதனை வந்து சேர்ந்தது.

கணவர் தச்சர். ஒரு பெரிய மரச்சாமான் தொழிற்சாலையில் பதினேழு வருடம் சீருடைச் சட்டை போட்டு வேலை பார்த்தவர். தன் கையால், தன் எண்ணப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன வருடம் துணிந்து வேலையை விட்டார். வீட்டுப் பின்புறம் தகரக் கூரை போட்டுப் பட்டறை வைத்தார். முதல் வேலையாக ஒரு மாணவர் விடுதிக்கு நாற்பது மடக்கு மேசை செய்து தரும் வாய்ப்பு கிடைத்தது. ஆறு மாதம் பொழுது போவது தெரியாமல் உழைத்தார். நாற்பதும் முடிந்தன. அதற்குள் விடுதிக்குப் புது நிர்வாகி வந்துவிட்டார். அவருக்கு இரும்பு மேசைதான் பிடிக்குமாம். “மன்னிச்சுக்குங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

மேசைகளைப் பட்டறையில் வைத்தால் வேலை செய்ய இடமில்லை. அதனால் அவை வீட்டுக்குள் வந்தன. கூடத்தில் பதினாறு, படுக்கையறையில் பன்னிரண்டு, நடையில் மிச்சம். சுவரோடு சுவராக மடக்கிச் சாத்திவைத்திருந்தாலும் நடையில் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். எதிரெதிரே இருவர் வந்துவிட்டால் ஒருவர் பின்வாங்க வேண்டும். அந்த வீட்டில் பின்வாங்குகிற பழக்கம் யாருக்கும் கிடையாது என்பதால் நடை முழுக்கப் பேச்சும் சிரிப்பும் சண்டையுமாக இருக்கும்.

சிரித்துக்கொண்டே இருந்துவிட முடியுமா? பழைய தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வந்தால் பழைய இடம் உண்டு, அதற்குப் பிறகு வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லி அனுப்பினார். கூடவே, “சொந்தமா வெச்சுப் பார்த்தாச்சா, திருப்தியா?” என்று ஒரு சிரிப்பும் வந்தது. தகவலோடு அந்தச் சிரிப்பையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்த மகராசன் நன்றாக இருக்கட்டும். கணவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு வந்து மெல்ல ஆரம்பித்தார்.

“ஊர்ல இருக்கற சாமானுக்கெல்லாம் எழுதறே. நம்ம மேசைக்கு ஒண்ணு எழுதேன்.”

அவள் மறுநாளே முதலாளியிடம் கேட்டாள். அவர் யோசித்தார். படம் போட்ட பட்டியல் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. வேண்டுமானால் மஞ்சள் தாளில் தனியாக ஒரு கடிதம் வைத்து அனுப்பலாம் என்றார். “ஆனா ஒண்ணு. பின்குறிப்பு இல்லாம உன் கடிதம் வெளிய போகாது. ஜனங்க தாளைத் திருப்பி அதைத்தான் முதல்ல பாக்கறாங்க. உன் வீட்டுக்காரர் செஞ்சதுன்னு சலுகை கிடையாது. குறை வேணும்.”

“சரி சார்” என்று வந்துவிட்டாள். வந்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்பது உறைத்தது.

ஏனென்றால் கணவருக்கு எல்லாவற்றிலும் பொறுமை உண்டு, மரத்தைத் தவிர. கல்யாணமான புதிதில் அவர் ஒரு முக்காலி செய்து கொடுத்தார். “லேசா ஆடுதோ?” என்று இவள் வாய் தவறிக் கேட்டுவிட்டாள். நாலு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் எங்கிருந்தோ ரசமட்டம் கொண்டுவந்து தரையில் வைத்துக் காட்டினார். தரைதான் கோணல். முக்காலி நேர். அவர் சொல்வது சரியாகவே இருந்து தொலைத்ததால் அதன் பிறகு அவருடைய வேலையில் குற்றம் சொல்ல அவளுக்கு நாக்கு எழுந்ததில்லை.

கூடத்தில் ஒரு மேசையை விரித்துப் போட்டார்கள். பத்து நாள் கணக்கு ஆரம்பித்தது. காலையில் அதில் காய் நறுக்கினாள். மகள் அதில் கணக்குப் போட்டாள். துணி தேய்த்தார்கள். சூடான பாத்திரத்தை வேண்டுமென்றே வைத்துப் பார்த்தாள். தண்ணீரைக் கொட்டி, துடைக்காமல் விட்டுப் பார்த்தாள். மகளை மேலே ஏறி நிற்கச் சொன்னாள். மகள் குதித்தே காட்டினாள். மேசை மூச்சு விடவில்லை. கணவர் பட்டறையிலிருந்து கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தார். தினமும் மாலையில், “கிடைச்சுதா?” என்று கேட்பார். “இல்ல” என்பாள். “கிடைக்காது” என்று சொல்லிவிட்டுப் போவார். அவருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

அவளுக்கும் சந்தோஷம்தான். இத்தனை வருடத்தில் எத்தனையோ கைகள் செய்த சாமான்கள் அந்த வீட்டுக்குள் வந்து போயிருக்கின்றன. ஒரு குறையும் அகப்படாத ஒன்றைச் செய்தது தன் வீட்டுக்காரர் என்றால் யாருக்குத்தான் பெருமையாக இருக்காது? பின்குறிப்புக்கு என்ன செய்வது என்ற கவலை ஒரு பக்கம் இருந்தாலும், அந்த எட்டு நாளும் மேசையை வேண்டியதற்கும் வேண்டாததற்கும் தடவிக்கொடுத்துக்கொண்டே திரிந்தாள்.

ஒன்பதாம் நாள் மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது கணவர் வீட்டில் இல்லை. யார் வீட்டுக் கதவுக்கோ அளவெடுக்கப் போயிருந்தார். மகள் இன்னும் பள்ளியிலிருந்து வரவில்லை. கூடத்தைப் பெருக்கலாம் என்று மேசையை மடக்கப் போனாள்.

மேசையின் இரண்டு முனைகளிலும் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கொக்கி உண்டு. இரண்டையும் உள்ளே அழுத்தினால் கால்கள் மடங்கும். ஒரு முனைக்குப் போய் அழுத்தினாள். அழுத்திவிட்டு மறுமுனைக்கு வந்தாள். அதற்குள் முதல் கொக்கி டக்கென்று பழையபடி பூட்டிக்கொண்டது. சரி, இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தலாம் என்று கைகளை விரித்தாள். எட்டவில்லை. குனிந்து, மேசைமேல் கவிழ்ந்து படுத்துக் கைகளை நீட்டினாள். ஒரு சாண் குறைந்தது. ஒரு பக்கம் கையும் மறுபக்கம் காலுமாக முயன்றாள். அந்த நேரம் பார்த்து யாரும் உள்ளே வராதது அவளுடைய நல்ல காலம்.

நிமிர்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மேசையை ஒருவர் மடக்க முடியாது.

விடுதிப் பிள்ளைகள் கை பட்டுத் தவறி மடங்கிவிடக் கூடாது என்றுதான் கணவர் கொக்கியை அப்படி வைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் இது எப்படி இத்தனை நாள் தெரியாமல் போயிற்று? யோசிக்க யோசிக்க அவளுக்கே புரிந்தது. முதல் மாதிரி செய்த நாளிலிருந்து, மடக்கும்போதெல்லாம் அவர் “கொஞ்சம் வாயேன்” என்று கூப்பிடுவார். இவள் போய் மறுமுனையைப் பிடிப்பாள். நாற்பதையும் அப்படித்தான், தினமும் இவள் வேலையிலிருந்து வந்த பிறகு, இருவருமாக மடக்கிச் சாத்தினார்கள். இந்த ஒன்பது நாளும்கூட இவள் மேசையில் கை வைத்தால் போதும், “இரு இரு, வர்றேன்” என்று ஓடிவந்து விடுவார்.

உண்மையான குறை கிடைத்துவிட்டது. கிடைக்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்றைக்கு அவள் செய்த காரியம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அவர் வந்து “கிடைச்சுதா?” என்று கேட்டபோது, ஒரு தாளை எடுத்துப் படித்தாள். ‘பி.கு.: இந்த மேசையில் வெயில் பட்டால் நிறம் லேசாகக் கறுக்கும்.’

“அது மரத்தோட குணம். குறைன்னு சொல்ல முடியாது” என்றார். பிறகு பெருந்தன்மையாக, “பரவால்ல, போட்டுக்க. பாவம், உனக்கும் ஏதாவது வேணும்ல” என்று சிரித்தார்.

மறுநாள் தாளை அச்சுக்காரரிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். பதினோரு வருடமாக அவளுடைய ஒவ்வொரு வரியையும் அச்சுக் கோத்தவர்.

“இது யாரு எழுதினது?” என்றார்.

“நான்தான்.”

“சரி. எழுதினதை அடிக்கிறது என் வேலை” என்றவர், தாளைத் தட்டில் வைத்துவிட்டு, அடிக்காமல் சும்மா நின்றார். “நாளைக்குச் சாயங்காலம்தான் உறை ஒட்டறாங்க. அவசரம் ஒண்ணும் இல்ல.”

அவள் தட்டிலிருந்த தாளை எடுத்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கணவர் பட்டறையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள்.

“என்னங்க, இந்த மேசையைக் கொஞ்சம் மடக்குங்களேன்.”

“வா, அந்தப் பக்கம் பிடி.”

“நான் பிடிக்கல. நீங்களே தனியா மடக்குங்க.”

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு கொக்கியை அழுத்தினார், மறுபக்கம் நடந்தார், டக். திரும்பி வந்தார். டக். கைகளை விரித்தார். அவருக்கு அவளைவிட நீளமான கைதான். நாலு விரற்கடை போதவில்லை. முழங்காலை வைத்துப் பார்த்தார். வயிற்றால் அமுக்கிக்கொண்டு பாய்ந்து பார்த்தார். மோவாயைக்கூடப் பயன்படுத்தினார். கதவருகில் நின்ற மகள் களுக்கென்று சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவரின் முகத்தில் இருந்த சிரிப்பு எந்த இடத்தில் போயிற்று என்று தெரியவில்லை. கடைசியில் மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“நாப்பதும் இப்படித்தானா?”

“நாப்பதும்.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“நேத்து.”

“நேத்து வெயில் பட்டா கறுக்கும்னியே.”

அவர் எழுந்து, பெட்டியில் மிச்சமிருந்த கொக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். சாப்பாட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், எழுந்தார். ஒரு வார்த்தை இல்லை. முக்காலிக்கே நாலு நாள் என்றால் நாற்பது மேசைக்கு எத்தனை நாள் என்று அவள் மனசு அந்த நிலையிலும் கணக்குப் போட்டது.

காலையில் அவள் கிளம்பும்போது அவர் நடையில் ஒருக்களித்து நின்றிருந்தார். அவளும் ஒருக்களித்து நின்றாள். யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும்.

“கொக்கியை மாத்தலாம்” என்றார். “ஆனா அடிப்பலகையைக் கழட்டணும். நாப்பதுக்கும் செய்ய ரெண்டு மாசம் ஆகும். முதல் தேதிக்குள்ள நடக்காது.”

“ம்.”

“நான் ஏன் அதைப் பாக்கலைன்னு யோசிச்சுட்டே இருந்தேன். ஒருநாள்கூட நான் தனியா மடக்கினதே இல்ல. அதான்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. “கோபமா?” என்றாள்.

“கோபம்தான். உன் மேல இல்ல.” அவர் பின்னால் நகர்ந்து அவளுக்கு வழிவிட்டார். “உள்ளதை எழுது. வித்தா விக்கட்டும். இல்லேன்னா அந்தச் சீருடைச் சட்டை பெட்டியிலதான் இருக்கு.”

அவள் பேருந்தில் நின்றுகொண்டே எழுதினாள். கடிதம் இப்படி ஆரம்பித்தது: ‘வணக்கம். இந்தக் கடிதத்தை இப்போது எதன்மேல் வைத்துப் படிக்கிறீர்கள்? மடியிலா? கட்டிலிலா? பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு அடுப்பு மேடையிலா? எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.’ பிறகு காய் நறுக்கியது, துணி தேய்த்தது, மகள் ஏறிக் குதித்தது எல்லாம் வந்தன. அடியில், ‘பி.கு.: இந்த மேசையில் ஒரு குறை உண்டு. விரிக்க ஒருவர் போதும். மடக்க இருவர் வேண்டும். ஆளுக்கு ஒரு முனையில் நின்று ஒரே நேரத்தில் கொக்கியை அழுத்தினால்தான் மடங்கும். இதைச் செய்த தச்சர் என் கணவர். இத்தனை நாளும் இந்தக் குறை அவர் கண்ணிலும் படவில்லை, என் கண்ணிலும் படவில்லை. மடக்கும்போதெல்லாம் நாங்கள் இருவருமே அங்கே இருந்திருக்கிறோம்.’

முதலாளி படித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். “கணவர்னு போட்டிருக்கியே. சொந்தக்காரங்க சாமானைத் தள்ளிவிடறான்னு நினைக்க மாட்டாங்களா?”

“நினைக்கட்டும் சார். அது ரெண்டாவது குறை.”

அச்சுக்காரர் இயந்திரத்தை உடனே ஓடவிட்டார்.

அதன் பிறகு காத்திருந்த நாட்கள் இருக்கின்றனவே, அதை எழுதினால் படிக்கிறவர்களுக்கும் நகம் மிஞ்சாது. முதல் வாரம் முழுவதிலும் வந்தவை நாலே நாலு படிவங்கள். முதல் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, கணவர் பெட்டியைத் திறந்து சீருடைச் சட்டையை எடுத்து, தாமே செய்த மேசைமேல் விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். காலர் மடிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அவள் அடுக்களைக்குள் போய்ச் சும்மா பாத்திரத்தை உருட்டினாள்.

வியாழக்கிழமை தபால்காரர் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். பதினொன்று. வெள்ளியன்று ஒன்பது. சனிக்கிழமை முதலாளியே அவளுடைய அறைக்கு வந்து மேசைமேல் கொட்டினார். “பி.கு., எண்ணிக்க. எனக்குக் கை வலிக்குது.” நாற்பதைத் தாண்டி இன்னும் பதினான்கு பேர் கேட்டிருந்தார்கள்.

படிவத்தோடு குறிப்பு எழுதி அனுப்பியவர்கள்தான் அதிகம். ‘நாங்கள் அக்கா தங்கை இருவர். இருவரும் சேர்ந்து செய்கிற வேலை என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. அனுப்புங்கள்’ என்று ஒன்று. ‘நான் தனி ஆள். மடக்கும் உத்தேசமே இல்லை. உண்மையைச் சொன்னதற்காக வாங்குகிறேன்’ என்று ஒன்று. ஒன்றை மட்டும் அவள் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அதில் கிறுக்கலான கையெழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: ‘நானும் என் மனைவியும் பேசி மூன்று வாரம் ஆகிறது. ஒரு மேசை சீக்கிரம் அனுப்பவும்.’

வீட்டில் அதைக் கணவருக்குப் படித்துக் காட்டினாள். அவர் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தாள். “அந்த மேசையை முதல்ல அனுப்பு” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையே இல்லாதபோதும்.

முதல் தேதி காலை அவர் சீருடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எங்க கிளம்பிட்டீங்க?”

“பட்டறைக்கு. வார்னிஷ் அடிக்கணும். இதைவிட்டா இந்தச் சட்டைக்கு வேற என்ன வேலை?”

மேசைகள் போய் வீடு காலியானது. நடையில் நேராக நடக்க ஆரம்பித்தபோது முதல் இரண்டு நாள் மூவருக்குமே ஏதோ போலிருந்தது. கணவர் அடுத்த பதினான்குக்கு மரம் வாங்கிப்போட்டார். அதோடு, அவருக்கு ஒரு வைராக்கியம். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு புதுக் கொக்கி ஒன்றைக் கண்டுபிடித்தார். நடுவில் ஒரே ஒரு பிடி. இழுத்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து திறக்கும். ஒற்றைக் கையால் மடக்கிவிடலாம். கேட்டிருந்த பதினான்கு பேரையும், பழையதா புதியதா என்று தொலைபேசியில் விசாரித்தார்கள். ஒன்பது பேர் பழையதே வேண்டும் என்றார்கள். அது அவருக்குச் சற்று வருத்தம்தான், வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

புதுக் கொக்கி வைத்த மேசைக்கும் முறைப்படி பத்து நாள். ஒன்பது நாள் ஆயிற்று, குறை அகப்படவில்லை. முதலாளி நெருக்கினார். “நாளைக்குக் குடுத்துடறேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் மேசை விரித்தபடியே கிடந்தது. கணவர் அதன் ஒரு முனையில் நின்றுகொண்டிருந்தார். மகள் புத்தகத்தோடு சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா அரைமணி நேரமா அப்படியே நிக்கறார்” என்றாள் மகள். “மடக்கித் தர்றேன்னாலும் விட மாட்டேங்கறார்.”

அவள் கைப்பையை இறக்கிவைத்தாள். “ஏங்க, இதைத்தான் ஒருத்தரே மடக்கலாமே.”

“மடக்கலாம்தான்” என்றார் அவர். “நீ வந்து சும்மா அந்தப் பக்கம் பிடி.”

அவள் போய்ப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு எழுத வேண்டிய பின்குறிப்பு கிடைத்துவிட்டது.